பார்த்ததா, கேட்டதா?

"எல்லாம் சரிம்மா. அது கையெழுத்துப் போடுமா?"

கூடத்தில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சம் முகத்தில் அடிக்க நான் நின்றுகொண்டிருந்தேன். செயற்கை நுண்ணறிவு நம் வேலையில் என்னென்ன செய்யும் என்று அப்போதுதான் இருபது நிமிடம் பேசி முடித்திருந்தேன். பத்திரங்களைப் படிக்கும், சுருக்கிச் சொல்லும், கன்னடத்தை ஆங்கிலமாக்கும், முன்னுக்குப் பின் முரணாக இருப்பதைக் காட்டும் என்று அடுக்கியிருந்தேன். கடைசி நாற்காலியில் இருந்தவர் மடியில் கிடந்த குடையைத் தரையில் வைத்துவிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

மைசூரு விஜயநகரில் ஒரு மாடி வீட்டை ஆபீஸாக்கியிருந்தார்கள். நிலம் வாங்குகிறவர்களுக்குப் பழைய பத்திரங்களைச் சரிபார்த்து, நிலம் யாருடையது, வில்லங்கம் ஏதும் உண்டா என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் ஆபீஸின் முக்கிய வேலை. அந்த அறிக்கைகளின் அடியில் முப்பது வருஷமாக இருந்தது, கேள்வி கேட்ட அந்த மூத்த வக்கீலின் கையெழுத்து. ஆபீஸை நடத்தும் மேடம் ஏஐ மென்பொருளை வாங்கி, எல்லோரையும் அதற்குப் பழக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். "மூணு மாசம் பாக்கலாம். எல்லாரும் பழகிட்டா உன்னைப் பத்திரம் பாக்கற டைட்டில் டீம்ல போட்டுடறேன். யாரும் தொடலைன்னா நிறுத்திடலாம், நீ பழைய வேலைக்கே போயிடு" என்றார். பழைய வேலை என்பது தினமும் கோர்ட்டுக்குப் போய் வாய்தா தேதி வாங்கி வருவது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஹனூர் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் நிலத்திலும் எங்களுடைய முக்கால் ஏக்கரிலும் உழைத்து என்னைப் படிக்க வைத்தார்கள். வக்கீல் கோட்டுப் போட்ட அன்று அதைக் கழற்ற மனம் வராமல், மே மாத வெயிலில் அதோடேயே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் கழற்றவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. அதனாலோ என்னவோ, அவர் கேட்ட கேள்வி எல்லோரையும் சிரிக்க வைத்தது, என்னை மட்டும் குத்தியது.

அவருடைய பூர்வீகம் மேல்கோட்டை. ஆபீஸில் எல்லோரிடமும் கன்னடம்தான். நான் சேர்ந்த முதல் வாரம், அம்மாவோடு போனில் பேசியதைக் கேட்டுவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"நீ தமிழா? எந்த ஊர்?"

"ஹனூர் பக்கமுங்க சார்."

"நீ பேசினதுல பாதிதான் புரிஞ்சது எனக்கு. எங்காத்துத் தமிழ் வேற."

"உங்க தமிழ் எனக்குக் கால்வாசிதானுங்க சார் புரியுது."

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் சேர்ந்தா முக்கால். போதும், ஆபீஸ் நடத்தலாம்" என்றார். அன்றிலிருந்து என்னிடம் தமிழ்.

அவரிடம் யார் எதைச் சொன்னாலும் திரும்பி வருவது ஒரே கேள்வி. கன்னடத்தில் "நோடித்தா, கேளித்தா?" என்பார். என்னிடம் "பார்த்ததா, கேட்டதா?" வெளியே மழை என்று காபி கொண்டு வருகிறவர் சொன்னால், "பார்த்ததா, கேட்டதா?" வந்தவர் நனைந்த சட்டையைக் காட்டினால்தான் இவர் குடையைத் தேடுவார். ஒருநாள் வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். "தூக்கிப் பார்த்தியா, இல்ல அடுப்பு அணைஞ்சதை வெச்சுச் சொல்றியா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பைல்களுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்.

ஆனால் சிரித்து முடித்துவிடக்கூடிய பழக்கம் இல்லை அது. என்னைவிட நான்கு வருஷம் மூத்த வக்கீல் ஹரீஷ் ஒருநாள் சாயங்காலம், "நாளைக்கு கோர்ட் லீவாம் சார்" என்றான். வழக்கமான கேள்வி வந்தது. "வாட்ஸாப்ல வந்தது சார்." "அப்போ கேட்டது" என்றார், அவ்வளவுதான். மறுநாள் ஹரீஷ் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, இவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். கோர்ட் திறந்திருந்தது. ஹரீஷின் வழக்கு கூப்பிடப்பட்டபோது இவரே எழுந்து நின்று வாய்தா வாங்கியிருக்கிறார். திரும்பி வந்து ஹரீஷை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவன் மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க ஸ்டாப்ளரை அதன் மேல் வைத்தார்.

அப்படிப்பட்டவர் தொடாத ஒன்றை ஆபீஸில் வேறு யார் தொடுவார்கள்? ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. நான் ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்கார்ந்து காட்டினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் எழுந்து வந்ததும் பழையபடி பைலைப் பிரித்தார்கள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் மடக்கிவிடலாம் என்று ஒரு பைலை எடுத்தேன். சூரிய மின்சாரத்துக்காக ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்ட நிலம். ஒரே விவசாயிக்கு இரண்டு துண்டு. பஹணி என்று இங்கே சொல்கிற நிலப் பதிவேட்டின் நகல்களை ஸ்கேன் செய்து ஏற்றி, எல்லோர் முன்னாலும் கேட்டேன். சில நொடிகளில் திரையில் அட்டவணை வந்தது. உரிமையாளர் பெயர், சர்வே எண், எல்லைகள், மொத்தம் மூன்றரை ஏக்கர். "பார்த்தீங்களா?" என்றேன். குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "படி" என்றார்.

"எதைங்க சார்?"

"காகிதத்தை. ஸ்க்ரீனை இல்லை."

பஹணியை எடுத்துப் படித்தேன். "ஒரு துண்டு ரெண்டு புள்ளி இருபது. இன்னொண்ணு ஒண்ணு புள்ளி முப்பது."

"கூட்டு."

"மூணு புள்ளி ஐம்பதுங்க சார்."

"ஐம்பது குண்டேயா? எந்த ஊர் ஏக்கர்ம்மா அது?"

எங்கள் பக்கத்தில் நாற்பது குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். பதிவேட்டில் புள்ளிக்குப் பின்னால் எழுதுவது குண்டே. இரண்டு புள்ளி இருபது என்றால் இரண்டரை ஏக்கர். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவுக்குக்கூட இது தெரியும். நிலத்தின் மொத்தம் நான்கு ஏக்கர் பத்து குண்டே. கம்ப்யூட்டர் அதைச் சாதாரண தசமக் கணக்காக எடுத்துக்கொண்டு மூன்றரை ஏக்கர் என்று சொல்லியிருக்கிறது. முப்பது குண்டே நிலம் திரையில் காணாமல் போயிருந்தது. முப்பது குண்டே என்றால் முக்கால் ஏக்கர். என் அப்பாவின் மொத்த நிலமே அவ்வளவுதான்.

"உன் கம்ப்யூட்டர் சாட்சி டவுன்ல வளர்ந்தது போலிருக்கு" என்றான் ஹரீஷ். மறுபடியும் சிரிப்பு. சாட்சி டவுனில் வளர்ந்திருக்கலாம், நான் வளரவில்லையே. காகிதம் என் கையில்தான் இருந்தது. அவர் படிக்கச் சொல்லும்வரை நான் திரையைப் பார்த்தேன், காகிதத்தைப் பார்க்கவில்லை.

மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். 'நிறுத்திடலாம் மேடம்' என்று போனில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். வயது என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு ஓடி வந்தே?"

போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"சாட்சி தப்பாச் சொன்னா கேஸை விட்டுட்டு ஓடறோமா? குறுக்கு விசாரணை பண்றோம். நீ பண்ணலை. அது வாயைத் திறந்த உடனே நம்பிட்டே."

"நீங்கதானுங்க சார் முதல் நாளே வேண்டாம்னீங்க."

"நான் எப்போ சொன்னேன்? கையெழுத்துப் போடுமான்னு கேட்டேன். கேள்வி கேட்டா வேண்டாம்னு அர்த்தமா? அப்படின்னா நான் என் கல்யாணத்தையே வேண்டாம்னிருக்கணும். அன்னிக்கு எத்தனை கேள்வி கேட்டேன் தெரியுமா?"

அழுகையோடு சிரிப்பும் வந்தது. அனுப்பாத செய்தியை அழித்தேன்.

கீழே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதலில், "நம்ம கட்சிக்காரர் காகிதத்தை இதுக்குக் கொடுத்தா அது எங்கெல்லாம் போறது?" என்று என்னிடமே கேட்டார். மென்பொருள் கம்பெனியோடு மேடம் போட்டிருந்த ஒப்பந்தத்தை எடுத்து, எதுவும் வெளியே போகாது என்று எழுதியிருந்த வரியைப் படித்துக் காட்டிய பிறகுதான் சாட்சியின் பக்கம் திரும்பினார். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் பார்த்தாய்? இது காகிதத்தில் இருக்கிறதா, நீயாக நினைத்துக்கொண்டதா? புள்ளிக்குப் பின்னால் இருப்பது குண்டே, நாற்பது சேர்ந்தால் ஏக்கர், இப்போது கூட்டிச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்.

திரையில் மன்னிப்பு வந்தது. படித்துக் காட்டினேன்.

"சாட்சி மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். பதிலைச் சொல்லச் சொல்லு."

நான்கு ஏக்கர் பத்து குண்டே என்று வந்தது, பக்க எண்களோடு. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் மை கலைந்திருக்கிறது, அங்குள்ள ஒரு பெயரைப் படிக்க முடியவில்லை, மூலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "தெரியலைங்கறது பார்! கூண்டுல ஏறின ஒரு மனுஷன் வாயால இதைக் கேக்க முப்பது வருஷம் காத்திருந்தேன்."

ஹரீஷ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். சாட்சியை மடக்குவது வக்கீல்களுக்குப் பிடித்த விளையாட்டு. நான் ஒன்றரை மாதமாக அதன் சமர்த்தைச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தேன். அதன் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தால் முதல் நாளே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரம் அவருடைய கேள்விகளைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். டைப்பிஸ்ட் மஞ்சுளாகூட மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு பத்திரத்தை ஏற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். "சார், மாட்டிக்கிச்சு!" என்று அவள் கத்தினால் அவருக்கு முகம் மலரும்.

ஆனால் மலர்ந்த முகம் ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒருநாள் கோர்ட் வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் காதில் ஹெட்போன் மாட்டி, ஒரு பத்திரத்தைக் கம்ப்யூட்டர் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் அதே பத்திரம். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல், பக்கவாட்டில், காதுக்கு அருகே பிடித்திருந்தார். கோழி பார்ப்பது மாதிரி ஓரக்கண்ணால்.

"சார், நான் படிக்கட்டுமாங்க?"

ஹெட்போனைக் கழற்றினார். "யாரு? ஹனூரா? உக்காரு."

உட்கார்ந்தேன்.

"ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு கறை. உன் கொண்டை தெரியறது, ரெண்டு காது தெரியறது. மூஞ்சி இருக்கற இடத்துல ஒண்ணுமில்லை."

"எத்தனை நாளாங்க சார்?"

"எட்டு மாசம்."

எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு "படி" என்றது. சுவரைத் தடவி மாடி ஏறியது. மஞ்சுளாவின் கன்னட உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று தினமும் அவளை உரக்கப் படிக்க வைத்தது.

"ஊருக்கெல்லாம் பார்த்ததா கேட்டதான்னு கேக்கறேன். எட்டு மாசமா கேட்டதுக்குக் கையெழுத்துப் போட்டிண்டிருக்கேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பத்திரத்தை மடித்து மேஜைமேல் வைத்தார்.

இதை மறைத்தால் அவர் பெயர் நிற்கும். ஆனால் எங்கோ யாருடைய நிலமாவது போகலாம். நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? "மேடம்கிட்ட நான் சொல்லட்டுமாங்க?" என்றேன்.

"நீ சொன்னா அது கேட்டது. நானே சொல்றேன்."

சொன்னார். கூடத்தில், எல்லோர் முன்னாலும், நின்றுகொண்டு. தான் கையெழுத்துப் போட்ட எட்டு மாத அறிக்கைகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றார். மேடம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மஞ்சுளா அழுதாள். அவ்வளவையும் பார்க்க ஆறு மாசம் ஆகும் என்றான் ஹரீஷ்.

"அதான் சாட்சி இருக்கே" என்றார். "அது படிக்கட்டும். நீங்கள்ளாம் பாருங்கோ."

மூன்று வாரம் உட்கார்ந்தோம். அப்போதுதான் எங்கள் ஆபீஸ் உண்மையிலேயே அந்த வேலைக்குப் பழகியது. சுவரில் இருந்த கேள்விகளை ஒவ்வொரு பத்திரத்துக்கும் கேட்டோம். அது எந்தப் பக்கம் என்று சொன்னால், ஒருவர் அலமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். பார்க்காமல் குறிக்கக் கூடாது. அவர் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு குறிக்கும் "யார் பார்த்தது?" என்று பெயர் கேட்டார்.

பத்தொன்பதாம் நாள், ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு பெயர் வந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு மகள் குறிப்பிடப்படுகிறாள், வம்சாவளிப் பட்டியலில் அவள் இல்லை என்று சாட்சி காட்டியது. மூலத்தை எடுத்தேன். மூன்றாம் தாளும் நான்காம் தாளும் பழைய பசையில் ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி ஸ்கேன் செய்யும்போது பிரிந்திருக்கின்றன. எட்டு மாதத்தில் என்றோ ஒருநாள் மஞ்சுளா அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்திருக்கிறாள். மூன்று அண்ணன்களுக்கு ஒரு தங்கை. அவளுடைய பங்கையும் சேர்த்து நிலம் கைமாற இருந்தது. விற்பனைப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை.

மேடம் அன்றே வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு தரப்புக்கும் எழுதினார். பத்து நாள் கழித்து அந்த மூன்று அண்ணன்களின் தங்கை வந்தார். அறுபது வயதிருக்கும். படிக்கத் தெரியாது. "என் பேர் இருக்குன்னு சொன்னாங்களாமே, எங்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். பத்திரத்தைப் பிரித்து, அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

திருத்திய அறிக்கையை அச்சடித்து சாரிடம் கொண்டுபோனேன்.

"அந்த நாலாம் பக்கம், பார்த்ததா, கேட்டதா?"

"பார்த்ததுங்க சார்."

"யார் பார்த்தது?"

"நானுங்க."

"அப்போ நீ போடு" என்றார். மேடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடம்தான் பேனாவை நீட்டினார்.

என் முழுப் பெயரையும் எழுதினேன், ஒரு எழுத்துக்கூட விடாமல். அப்பாவின் பெயரும் அதில் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டு மேல்கோட்டைக்குப் போய்விட்டார். குடையை மட்டும் ஆபீஸில் மறந்துவிட்டார். அதைக் கேட்டு ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. மறந்தது என்று நான் சொல்வதும் ஊகம்தான், பார்த்தது இல்லை. நான் இப்போது டைட்டில் டீமில் இருக்கிறேன். அவருடைய மேஜைக்கு எதிர் மேஜை.

இன்று காலை அவருக்கு போன் செய்தேன். சாமராஜநகரில் நிலப் பத்திரம் பார்க்கும் வக்கீல்கள் சிலர், ஏஐ என்றாலே பயப்படுகிறார்கள், வந்து காட்ட முடியுமா என்று மேடத்திடம் கேட்டிருப்பதைச் சொன்னேன். என் பக்கம் ஒரே இரைச்சல். இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

"உன்னைக் கூப்பிட்டாங்கறது பார்த்ததா, கேட்டதா?" என்றார்.

"சாமராஜநகர் பஸ் ஏறிட்டேனுங்க சார். நஞ்சன்கூடு தாண்டிடுச்சு."